ஹெலிகொப்டருக்கும் இரண்டு கிலோ கழிவு

மண்ணெண்ணெய் வாசம். பக்கத்து வீட்டில் காஸ் தீர்ந்துவிட்டது. பழைய ஸ்டவ்வைத் தேடி எடுத்துப் பற்றவைத்திருக்கிறார்கள். ஹட்டன் குளிரில் அந்த வாசம் ஜன்னல் இடுக்கால் நுழைந்து என் மேசைமேல் ஏறி உட்காருகிறது. தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்தவளுக்கு அது குப்பி விளக்கைத்தான் ஞாபகப்படுத்த வேண்டும். நாற்பத்தைந்து வயதுவரை எனக்கும் அப்படித்தான் இருந்தது. இப்போது அந்த வாசம் வந்தால் காதுக்குள் ஒரு விசிறி சுழலத் தொடங்குகிறது. மைதானத்துப் புல் மொத்தமும் ஒரே பக்கம் படுத்துக்கொள்கிறது. கையிலிருந்த தாள் பறக்கப் பார்க்கிறது.

ஹெலிகொப்டர் குடிப்பதும் ஏறக்குறைய மண்ணெண்ணெய்தானாம். அதை ஓட்டிவந்தவரே சொன்னார். நான் தமிழில் சொன்னதும் அக்கா சிரித்தாள்: "அப்ப நம்ம வெளக்குக்குப் பெரியப்பன் மகன்னு சொல்லு."

எனக்கு நிரந்தர வேலை கிடையாது. நிரந்தரம் எனக்கு ஒத்துக்கொண்டதுமில்லை. முன்பள்ளியில் பிள்ளைகளோடு பாடினேன், பத்திரிகைக்கு எழுதினேன், நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் விருந்தாளிகளின் பெயர் எழுதும் மேசையில் உட்கார்ந்து, மூன்றாம் மாதம் எழுந்து வந்துவிட்டேன். இப்போது மொழிபெயர்ப்பு. வெளிநாட்டிலிருந்து மலையைப் படம் எடுக்க வருகிறவர்களுக்கும் மலையில் இருக்கிறவர்களுக்கும் நடுவில் நிற்பது. அவர்கள் சொல்வதை இவர்களுக்கும், இவர்கள் சொல்வதை அவர்களுக்கும். இரண்டு பக்கமும் என்னைப் பார்க்காமல் என் வாயைப் பார்ப்பார்கள்.

அந்தத் தை மாதம் வந்தவர்கள் தேயிலையைப் பற்றித் தொலைக்காட்சிக்கு ஒரு படம் எடுக்க வந்தார்கள். அவர்கள் தேர்ந்தெடுத்த தோட்டம் நான் பிறந்த தோட்டம். மஸ்கெலியா நீர்த்தேக்கத்துக்கு மேலே, சரிவில் தொங்கிக்கொண்டிருப்பது. அக்கா இன்னும் அங்கேதான் கொழுந்து எடுக்கிறாள்.

அக்காவின் சங்கதியை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அவளுக்கு ஐம்பத்துநாலு வயது. அத்தான் இறந்துவிட்டார். மகன் கொழும்பில் புடவைக்கடையில் வேலை செய்கிறான். ஆகவே அவள் குடியிருக்கும் அந்த லயத்துக் காம்பராவை, அந்த ஓர் அறையை, பிடித்து வைத்திருப்பது தோட்டத்துப் பதிவில் இருக்கும் அக்காவின் பேர் ஒன்றுதான். பேர் இருந்தால் கூரை இருக்கும். தோட்டத்தை நடத்தப் புதிதாக வந்த துரை, காலையில் ஆட்களைக் கூட்டிக் கணக்கெடுக்கும் பெரட்டில் ஒரு சட்டம் சொல்லியிருந்தார்: ஒரே மாதத்தில் பத்து நாள் கொழுந்து குறைந்து அரைப் பேர், அதாவது அரைநாள் சம்பளம், விழுந்தால், பதிவிலிருந்து பேரை வெட்டிவிடுவார்கள். தை மாதத்து வெயிலில் செடி துளிர்க்காது. அக்காவின் முழங்காலும் மலை ஏறாது. அந்த மாதத்தில் ஒன்பது அரைப் பேர் விழுந்துவிட்டது. படப்பிடிப்பு நடந்தது மாதத்தின் கடைசி வேலை நாளில்.

அன்றைக்கென்று துரை ஒரு சலுகை அறிவித்திருந்தார். காலை நிறுவையில் பத்துக் கிலோ காட்டினால் முழுப் பேர். பிறகு எல்லோரும் படத்துக்காக மலையில் நிற்க வேண்டும். பத்துக் கிலோ. அக்காவுக்கு அன்று உலகமே அவ்வளவுதான்.

விடியும்போது ஹெலிகொப்டர் தோட்டத்து மைதானத்தில் வந்து இறங்கியது. கொழுந்து நிறுக்கும் மடுவம் மைதானத்தை ஒட்டியே இருப்பதால், பெரட்டுக்கு வந்த பெண்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நானும் அவ்வளவு கிட்டே ஒன்றைப் பார்த்தது அன்றுதான். ஆட்களை ஏற்றிப் போகும் சாதாரண இயந்திரம்தான் அது. படம் எடுப்பதற்காக அதை மாற்றியிருந்தார்கள். ஒரு பக்கத்துக் கதவைக் கழற்றியிருந்தார்கள். பின் ஆசனங்களைப் பிடுங்கிவிட்டுப் பெட்டிகளைக் கட்டியிருந்தார்கள். மூக்கின் கீழே ஓர் இரும்புக் கை; அதன் நுனியில் பூசணிக்காய் அளவில் கறுப்பு உருண்டை; உருண்டைக்குள் கமரா. இயந்திரம் எப்படிக் குலுங்கினாலும் அந்த உருண்டை குலுங்காதாம். உள்ளே உட்கார்ந்திருப்பவர் ஒரு சின்னத் திரையைப் பார்த்துக்கொண்டு விரலால் அதைத் திருப்புவார். அவர் திருப்பிக் காட்டினார். உருண்டை ஆந்தை மாதிரிக் கழுத்தைச் சுழற்றி எங்களைப் பார்த்தது.

"மூக்குத்தி போட்டிருக்குடி இது!" என்றாள் ஒருத்தி.

"மூக்குத்தியா? மூஞ்சிய விடப் பெருசா இருக்கே. எந்த ஊருல எடுத்த பொண்ணு?"

"ஆம்பளத் தொணை இல்லாம ஆகாசத்துல சுத்துற பொண்ணு. நீ ஒழுங்கா மலைக்குப் போ."

பைலட் கண்டிப் பக்கத்துச் சிங்களவர். நரைத்த மீசை, அவசரமே இல்லாத நடை. முதலில் அவர் கேட்டது தராசு. மூக்கில் உருண்டையைத் தொங்கவிட்டால் வால் பக்கம் அதற்கு ஈடாகப் பாரம் வைக்க வேண்டும். வைக்காவிட்டால் இயந்திரம் குப்புற விழப் பார்க்கும். அளவு மீறினால் வால் தொங்கும். அதோடு இந்த உயரத்தில் காற்று மெலிசு, தூக்குகிற சக்தி குறைவு. ஆகவே ஏறுகிற ஒவ்வொரு ஆளையும் ஒவ்வொரு பெட்டியையும் நிறுத்து எழுதினால்தான் பறப்பேன் என்றார். அவர்களுடைய தராசும், வாலில் வைக்கும் ஈயக்கட்டிகளும் பின்னால் வந்த லொறியில் இருந்தன. லொறி நோர்ட்டன் பாலத்துக்கு அந்தப் பக்கம் எங்கேயோ பழுதாகி நின்றது.

"மடுவத்துல தராசு இருக்கே," என்றார் கணக்கப்பிள்ளை. இருபத்திரண்டு வருடமாகக் கொழுந்து நிறுத்து எழுதுகிறவர். அந்தக் காலை முழுவதும் தனக்கு ஒரு வேலை வராதா என்று காத்துக்கொண்டிருந்தவர்.

அது கொக்கியில் தொங்கும் தராசு. எண் வருகிற சின்னப் பெட்டி கணக்கப்பிள்ளையின் முகத்துக்கு நேரே இருக்கும். மற்றவர்களுக்கு அவர் சொல்வதுதான் எடை. ஈயத்துக்குப் பதிலாக உரச்சாக்கில் மணல் நிரப்பினோம். ஆட்களை நிறுக்கப் பலகையில் கயிறு கட்டி ஊஞ்சல் மாதிரித் தொங்கவிட்டோம். படத்தின் இயக்குநர், சிவந்த நீளமான மனிதர், அதில் உட்கார்ந்து காலை மடக்கிக்கொண்டபோது மைதானமே சிரித்தது.

"ஐயா, தண்ணிக்குக் கழிங்க! வெள்ளக்காரரு வேர்த்துப் போயிருக்காரு!"

"சாக்குக்கும் கழிங்க, சட்டை கனமா இருக்கு!"

இயக்குநர் என்னிடம் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டார். உங்களை வரவேற்கிறார்கள் என்றேன். கணக்கப்பிள்ளை சிரிக்காமல் எண்ணைச் சொன்னார், நான் எழுதினேன். மூன்று ஆள், ஐந்து பெட்டி, ஆறு மணல் மூட்டை. பதினாலு நிறுவை. பெண்கள் மலைக்குப் போனார்கள். நான் தாளைப் பைலட்டிடம் கொடுத்தேன்.

வெளியாருக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் மடுவத்தில் ஒவ்வொரு சாக்குக்கும் இரண்டு கிலோ கழிப்பார்கள். சாக்கின் பாரம், இலையில் ஒட்டிய பனித் தண்ணீர் என்று காரணம் சொல்வார்கள். என் அம்மா காலத்திலும் கழித்தார்கள். கழிவு போன எடைதான் எடை என்று நம்பி வளர்ந்தவள் நான்; தராசு காட்டுவது வேறு, எடை வேறு என்பது எனக்குக் காற்றும் குளிரும் மாதிரி.

ஒன்பது மணிக்குச் சற்று முன்னால் பனிமூட்டம் விலகியது. விசிறி சுழன்றது. மண்ணெண்ணெய் வாசம் மைதானத்தை நிரப்பியது. அதே நேரம் பெண்கள் காலைக் கொழுந்தோடு இறங்கி வந்து மடுவத்தில் வரிசையாக நின்றார்கள். அக்கா நாலாவது. சாக்கைக் காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, சேலைத்தலைப்பைக் காற்றுக்குக் கொடுக்காமல் பல்லில் கடித்திருந்தாள்.

"எத்தன வரும்?" என்று காதில் கத்தினேன்.

பத்து விரலையும் காட்டி, மேலும் ஒன்றை நீட்டினாள். பதினொன்று. பிறகு பத்து விரலில் ஒன்றை மடக்கினாள். ஒன்பது. கண்ணைத் திருப்பிக்கொண்டாள்.

இயந்திரம் ஓர் ஆள் உயரம் எழுந்தது. அங்கேயே நின்றது. வால் மெதுவாகத் தொங்கியது. சாணி போடும் மாட்டைப் போலப் பின்பக்கம் தாழ்ந்தது. பைலட் மேலே போகவில்லை. எழுப்பிய இடத்திலேயே பூப்போல இறக்கி வைத்து, விசிறியை நிறுத்தினார். தாளைக் கையில் பிடித்துக்கொண்டு மடுவத்துக்கு நடந்து வந்தார். கோபம் அவருடைய நடையில் இல்லை, தாளைப் பிடித்திருந்த விரலில் இருந்தது.

"மிஸ், யார் நிறுத்தது?"

கணக்கப்பிள்ளையைக் காட்டினேன். பைலட் தன் கருவிப்பெட்டியை எடுத்துக் கொக்கியில் மாட்டினார்.

"பத்து," என்றார் கணக்கப்பிள்ளை.

பைலட் பெட்டியின் மூடியைத் தட்டினார். அதன்மேல் வெள்ளை மையால் எழுதியிருந்தது: பன்னிரண்டு கிலோ. பிறகு சுற்றிப் போய்த் தராசின் முகத்தை எட்டிப் பார்த்தார். அதுவும் பன்னிரண்டுதான் காட்டிக்கொண்டிருந்தது.

"இதில பன்னெண்டு. உங்க வாயில பத்து. ஏன்?"

கணக்கப்பிள்ளையின் முகத்தில் முதலில் குழப்பம்தான் வந்தது. பாவம், அவர் ஏமாற்றவில்லை. கை பழகிய வேலையைக் கை செய்திருந்தது. "கழிவு சார்," என்றார், சோற்றுக்கு உப்பு என்பதுபோல.

இயக்குநர், பைலட், துரை, கமராக்காரர் எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். துரை பக்கத்தில் வந்து தாழ்ந்த குரலில் சொன்னார்: "தராசில கோளாறுன்னு சொல்லிருங்க. அவ்வளவுதான். பெருசாக்க வேணாம்."

சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு சொல். அடுத்த படத்துக்கும் என்னைக் கூப்பிட்டிருப்பார்கள். ஆனால் வரிசையில் நாலாவதாக நின்ற முகத்தைப் பார்த்துக்கொண்டு அந்தப் பொய்யைச் சொல்ல என் நாக்குக்குத் திராணி இல்லை. முதலில் இங்கிலீஷில் சொன்னேன். பிறகு சிங்களத்தில். பிறகு யாரும் கேட்காமலே தமிழிலும் உரக்கச் சொன்னேன்: "தராசு சரி. இங்க ஒவ்வொரு நிறுவைக்கும் ரெண்டு கிலோ வெட்டுறது வழக்கம். இந்தத் தோட்டத்துல எல்லா நாளும் எல்லாருக்கும் வெட்டுறாங்க. பழக்க தோஷத்துல ஹெலிகொப்டருக்கும் வெட்டிட்டாங்க."

பைலட் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "பதினாலையும் திரும்ப நிறுக்கணும். தராசு சொல்றத அப்படியே சொல்லணும். பொய் எடையில நான் பறக்கிறதில்ல."

திரும்ப நிறுத்தார்கள். மணல் மூட்டைகளிலிருந்து மணலைக் கொட்டிக் குறைத்தார்கள். கணக்கப்பிள்ளை ஒவ்வொரு எண்ணையும் தொண்டையில் முள் சிக்கினாற்போலச் சொன்னார். அது முடிந்ததும் பெண்களின் முறை. முதல் சாக்கு தொங்கியது. அவர் வாயைத் திறந்தார், நெற்றி சுருங்கியது, சொன்னார்: "பதினாலு... ரெண்டு போக, பன்னெண்டு."

அக்கா வரிசையை உடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். அந்தப் பெண்ணின் சாக்கை இறக்கிவிட்டுத் தன் சாக்கை மாட்டினாள். தராசுக்குப் பின்பக்கம், கணக்கப்பிள்ளைக்குப் பக்கத்திலேயே போய் நின்றுகொண்டாள். அங்கே எந்தக் கொழுந்துக்காரியும் நின்று நான் பார்த்ததில்லை.

"பதினொன்னு காட்டுது. சொல்லுங்க."

"ரெண்டு போக ஒம்பது."

"இப்ப அந்தப் பெட்டிக்கு எவ்வளவு சொன்னீங்க?"

"அது பெட்டி. இது கொழுந்து. பனித் தண்ணி இருக்கு, சாக்கு இருக்கு..."

அக்கா சாக்கை இறக்கினாள். இடுப்பில் கட்டியிருந்த படங்குத் துணியை அவிழ்த்துத் தரையில் விரித்து, கொழுந்து அத்தனையையும் அதில் கொட்டினாள். வெறும் சாக்கைக் கொக்கியில் மாட்டினாள்.

"வாசிங்கய்யா."

அவர் பேனாவை மூடினார். பைலட் எட்டிப் பார்த்துத் தன் உடைந்த தமிழில் வாசித்தார்: "முந்நூறு கிராம், அக்கே."

அக்கா ஒரு பிடி கொழுந்தை அள்ளித் துரையின் முன்னால் நீட்டி, கையை இறுக்கிப் பிழிந்தாள். ஒரு சொட்டு விழவில்லை. "சாக்கு முந்நூறு. தண்ணி இந்தா, நீங்களே பாருங்க தொர. மிச்சம் எங்க போவுது? ஆகாசத்துல பறக்கிறதுக்கு ஒரு எடை, மலையில ஏறி எறங்குற எங்களுக்கு ஒரு எடையா? அதுக்குக் கொறஞ்சா நாலு பேரு ஓடி வர்றீங்க. எனக்குக் கொறஞ்சா காம்பராவக் காலி பண்ணச் சொல்றீங்க."

துரை என்னிடம் திரும்பினார். "ஷூட்டிங் முடியட்டும், பிறகு பேசலாம்னு சொல்லுங்க." அவருக்கே தமிழ் தெரியும். இருந்தாலும் அந்த நேரத்தில் அவருக்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டது. சொன்னேன்.

"ஷூட்டிங் முடிஞ்சா தொரைக்குக் காது அடைச்சுக்கும்," என்று பின்னாலிருந்து ஒருத்தி சொன்னாள். சொல்லிவிட்டுத் தன் சாக்கின்மேல் உட்கார்ந்தாள். அவளுக்குப் பக்கத்தில் இன்னொருத்தி. முப்பது பேரும் உட்கார்ந்தார்கள். ஒருத்தி வெற்றிலை மடித்தாள். ஒருத்தி காலில் ஒட்டிய அட்டையைத் தேடினாள். கோஷம் இல்லை, கை உயர்த்தல் இல்லை. வேலை முடிந்த மாதிரி உட்கார்ந்தார்கள்.

இயக்குநர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், மலையைப் பார்த்தார். சரிவில் பெண்கள் இல்லாவிட்டால் அவருடைய படம் வெறும் பச்சை. கீழே நீர்த்தேக்கத்தின்மேல் மூட்டம் மறுபடி திரண்டுகொண்டிருந்தது. இன்னும் ஒரு மணி நேரம், அதற்குமேல் போனால் எதுவும் தெரியாது. "அவர்கள் கேட்பது என்ன?" என்று கேட்டார். "தராசு காட்டுவதை எழுத வேண்டும்," என்றேன். "அவ்வளவுதானா?" என்றார். அவருக்கு அது அவ்வளவுதான்.

பைலட் மடுவத்துத் தூணில் சாய்ந்துகொண்டார். "எனக்கு அவசரம் இல்ல மிஸ். மூட்டம் வந்தா நான் பறக்க மாட்டேன். துரைக்குச் சொல்லுங்க."

துரை குனிந்து தன் காலிலிருந்த சப்பாத்தைப் பார்த்தார். மேலிடத்திலிருந்து வந்த அனுமதி, மேலிடத்தின் ஆசை, மேலிடத்தின் கோபம் எல்லாம் அந்தச் சப்பாத்தில் எழுதியிருந்திருக்க வேண்டும். "எழுதுங்க," என்றார். "இன்னைக்குக் கழிவு இல்ல."

அக்கா கொழுந்தைத் திரும்பச் சாக்கில் அள்ளி மாட்டினாள். கணக்கப்பிள்ளை பேனாவைத் திறந்தார். "பதினொன்னு," என்றார், கடைசியில்.

"சாக்கக் கழிச்சுக்குங்க," என்றாள் அக்கா. "பத்து எழுநூறுன்னு எழுதுங்க. நாங்க திருட வரல."

சொல்லிவிட்டுப் படங்கை இடுப்பில் திரும்பக் கட்டினாள்.

மூட்டம் வர முக்கால் மணி நேரம் இருக்கும்போது ஹெலிகொப்டர் எழுந்தது. வால் நேராக இருந்தது. நீர்த்தேக்கத்தின்மேல் ஒரு வட்டம் அடித்து, சரிவை உரசிக்கொண்டு மேலே ஏறி வந்தது. பெண்கள் தேயிலைச் செடி நிரைகளில் நின்றார்கள். இயக்குநர் வானொலிக் கருவியில் என்னிடம் கத்தினார்: "மேலே பார்க்க வேண்டாம் என்று சொல்! வேலை செய்துகொண்டே இருக்கட்டும்!" என் கையில் ஒலிபெருக்கி இருந்தது. அந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து முதல் தடவையாக, படம் எடுக்கிறவர் சொன்ன ஒரு வசனத்தை மொழிபெயர்க்காமல் விழுங்கினேன். முப்பது பேரும் நிமிர்ந்து, கண்ணைச் சுருக்கி, அந்தக் கறுப்பு உருண்டையை நேருக்கு நேர் பார்த்தார்கள். பணிவில்லாமல், பயமில்லாமல், கடைக்காரனைப் பார்க்கிற மாதிரி.

படம் வெளியானபோது பார்த்தேன். அந்தப் பார்வையை வெட்டியிருந்தார்கள். விரல்கள் இருந்தன, கொழுந்து இருந்தது, பச்சை இருந்தது. வெட்டினால் வெட்டட்டும். அந்த மாதம் அக்காவின் பேரை வெட்ட முடியவில்லை. அடுத்த வாரமே கழிவு ஒரு கிலோவாகத் திரும்பி வந்தது. பெண்களும் சும்மா இருக்கவில்லை. இப்போது ஒவ்வொருத்தியும் வெறும் சாக்கை முதலில் மாட்டி, எண்ணை உரக்க வாசித்துவிட்டுத்தான் கொழுந்தைக் கொட்டுகிறாள். நிறுவைக்கு இரண்டு மடங்கு நேரமாகிறது. ஆகட்டும் என்கிறார்கள். சண்டை முடியவில்லை.

அன்று பின்னேரம் ஆட்கள் பெட்டிகளைக் கட்டிக்கொண்டிருந்தபோது துரை என்னைக் கூப்பிட்டு, இனி இந்தத் தோட்டத்துக்குள் கால் வைக்கக் கூடாது என்றார். மரியாதையாகத்தான் சொன்னார், "நீங்க" போட்டு. கணக்கப்பிள்ளை என்னைப் பார்க்காமல் போனார். அதுதான் கொஞ்சம் வலித்தது. சின்ன வயதில் என் அம்மாவின் சாக்கைத் தூக்கிவிட்ட கை அது.

அக்கா பஸ் நிற்கும் வளைவுவரை என்னோடு நடந்து வந்தாள். முழங்காலைப் பிடித்துப் பிடித்து நடந்தாள். மெதுவாகப் போகலாம் என்றேன். இன்னும் வேகமாக நடந்தாள். ஹட்டன் பஸ் கீழ் வளைவில் ஹோர்ன் அடித்தது. உள்ளே கால் வைக்கக் கூடாது என்று துரை சொன்னதை அப்போதுதான் அவளிடம் சொன்னேன். சொல்லாமல் போக நினைத்திருந்தேன்.

அக்கா காறித் துப்பிவிட்டு, தலையிலிருந்த துணியை அவிழ்த்து உதறினாள். பஸ் நின்றது. நான் படியில் ஏறினேன்.

"எந்தத் தோட்டத்துக்கு நீ வர்ற?" என்றாள் கீழே நின்று. "நீ வர்றது என் வீட்டுக்கு. என் வீட்டுக்கு வர எவன்கிட்டக் கேக்கணும்? ஞாயித்துக்கிழமை வா, கோழி அடிக்கிறேன்."